எதற்கும் அசராத மகள்

வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகள் சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். இந்த வருட மதிப்பீட்டில் அவளுடைய மேனேஜர் "நத்திங் ஃபேஸஸ் ஹர்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறார். போனில் படித்துக் காட்டினாள். யாரும் அவளுக்கு முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று எழுதிவிட்டார்களோ என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. எஃப், ஏ, இஸட் போட்டு எழுதியிருந்தது. பக்கத்து வீட்டு டியூஷன் சார் எழுத்தைப் பார்த்துவிட்டு, ஸ்பெல்லிங் தப்பு, பி, ஹெச் போட வேண்டும், அது "கட்டம்" என்று அர்த்தம் வரும் ஃபேஸ் என்றார். அகராதியிலோ "கலங்கச் செய், குழப்பு" என்று போட்டிருக்கிறது. இது பாராட்டா, புகாரா?
(திருமங்கலத்தில் இருந்து ஒரு தாய்)

பதில்: பாராட்டுதான் அம்மா. முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். மேனேஜர் எழுதியதை நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், "இவ எதுக்கும் அசரமாட்டா." ராத்திரி 11 மணிக்கு சர்வர் படுத்துக்கொண்டாலும் சரி, வாடிக்கையாளர் போனில் கத்தினாலும் சரி, உங்கள் மகள் கை நடுங்காமல் வேலையைப் பார்க்கிறாள் என்று அர்த்தம்.

டியூஷன் சாரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். கிட்டத்தட்ட அதே தப்பை நானும் செய்திருக்கிறேன், அதுவும் சிவப்பு மையில். வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம் இருக்கும். ஒன்பதாம் வகுப்புக் கட்டுரை நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். புயலில் மாட்டிக்கொண்ட ஒரு கிழட்டு மீனவரைப் பற்றி ஒரு பையன் எழுதியிருந்தான்: "தி ஸ்டார்ம் டிட் நாட் ஃபேஸ் தி ஓல்ட் மேன்." எஃப், ஏ, இஸட், இ என்று எழுதியிருந்தான். இஸட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, மேலே "சி" என்று திருத்தி, "புயலுக்கு முகம் ஏது? கிழவர்தானே புயலை ஃபேஸ் பண்ண வேண்டும்!" என்று மார்ஜினில் ஒரு கிண்டலும் எழுதிவைத்தேன். அரை மார்க் குறைத்தேன்.

மறுநாள் இடைவேளையில் அந்தப் பையன் லைப்ரரியின் தடித்த அகராதியை மார்போடு அணைத்துக்கொண்டு ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றான். பக்கத்தில் விரலை நுழைத்து அடையாளம் வைத்திருந்தான். "மிஸ், இப்படி ஒரு சொல் இருக்கு மிஸ்."

"எங்கடா பிடிச்ச இதை?"

"எங்க மாமா ஒரு கவ்பாய் கதைப் புத்தகம் விட்டுட்டுப் போனாங்க மிஸ். அதுல அடிக்கடி வருது."

மற்ற டீச்சர்கள் எல்லாரும் டிபன் பாக்ஸை மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரை மார்க்கைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தச் சொல்லின் பொருள் அன்றைக்கு எனக்கு இரண்டு முறை விளங்கியது, அகராதியில் ஒரு முறை, அந்தப் பையனின் முகத்தில் ஒரு முறை. என் சிவப்பு மைக்கு அவன் அசரவில்லை. அசந்தது நான்தான்.

நமக்கு இதில் சிக்கல் காதிலேயே ஆரம்பிக்கிறது. முகம் என்கிற ஃபேஸ், கட்டம் என்கிற ஃபேஸ், அசரவைக்கிற ஃபேஸ், மூன்றும் நம் வாயில் ஒன்றாகத்தான் வரும். இங்கிலீஷ்காரர் வாயில் முதலாவது தனித்து நிற்கும். அதன் கடைசியில் வருவது பாம்பு சீறுகிற ஒலி. மற்ற இரண்டிலும் வண்டு ரீங்கரிக்கிற ஒலி. அந்த இரண்டுக்கும் உச்சரிப்பில் இம்மியும் வேறுபாடு கிடையாது. அதனால் இங்கிலீஷைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களே பி, ஹெச் போட்டுத் தப்பாக எழுதுகிறார்கள். கம்ப்யூட்டரும் அடிக்கோடு போடாது, ஏனென்றால் அப்படியும் ஒரு சொல் உண்டே!

அந்த பி, ஹெச் ஃபேஸ் கிரேக்கத்தில் இருந்து வந்தது. "தோற்றம்" என்று மூலப்பொருள். நிலா ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி தோன்றுகிறதே, அந்தப் பிறைகளுக்கு வைத்த பெயர். பிறகு எல்லாக் கட்டத்துக்கும் பொதுவாகிவிட்டது. சென்னை மெட்ரோ ரயிலின் இரண்டாம் ஃபேஸும் அதுதான், எங்கள் அண்ணன் தோட்டத்துக்கு வருகிற த்ரீ ஃபேஸ் கரண்ட்டும் அதுதான். மூன்று கம்பிகளிலும் மின் அலை ஒரே நேரத்தில் உச்சிக்குப் போகாமல், ஒன்றுக்கொன்று ஒரு சுற்றில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி வருவதால் அந்தப் பெயர். அண்ணன் ஊரில் காலை வணக்கமே "த்ரீ ஃபேஸ் வந்துருச்சா?" என்பதுதான். அந்தக் கரண்ட் வராவிட்டால் மனிதர் கலங்கிப்போவார் என்றாலும், அந்த ஃபேஸுக்கும் உங்கள் மகளின் ஃபேஸுக்கும் உறவில்லை.

மகளின் சொல்லுக்கு ஊர் இங்கிலாந்து. பழைய இங்கிலீஷில் "விரட்டு, துரத்தியடி" என்று பொருள்பட்ட ஒரு வினைச்சொல்லின் பேரப்பிள்ளை இது. ஷேக்ஸ்பியரிடம் அதன் அப்பா வருகிறார். "தி டேமிங் ஆஃப் தி ஷ்ரூ" நாடகத்தின் முதல் வரியே அதுதான். கிறிஸ்டோபர் ஸ்லை என்கிற குடிகாரர் சாராயக்கடையில் கிளாஸ்களை உடைத்துவிட்டார். கடைக்காரம்மா காசு கேட்டு வெளியே தள்ளுகிறார். அப்போது ஸ்லை சொல்கிறார், "ஐல் ஃபீஸ் யூ." தமிழில் இதற்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒரு வசனம் இருக்கிறது: "உன்னை ஒரு கை பார்க்கிறேன்!" இன்னொரு நாடகத்தில் ஏஜாக்ஸ் என்கிற முரட்டு வீரர், அக்கிலிஸின் கர்வத்தை "ஃபீஸ்" பண்ணுவேன் என்று உறுமுகிறார். 1623இல் அச்சான முதல் பெருந்தொகுப்பில் ஸ்லையின் சொல்லை பி, ஹெச் போட்டுத்தான் கோத்திருக்கிறார்கள். ஆக, டியூஷன் சாருக்கு ஒரு நல்ல துணை உண்டு.

விரட்டு என்று தொடங்கிய சொல், மிரட்டு என்று மாறி, கப்பலேறி அமெரிக்காவுக்குப் போய் வேறு உயிரெழுத்து மாட்டிக்கொண்டது. நோவா வெப்ஸ்டர் 70,000 சொற்களோடு தன் அமெரிக்க அகராதியை வெளியிட்டது 1828இல். நம் சொல் இன்றைய உருவத்தில் அச்சில் முதலில் தலைகாட்டுவது 1830இல். இரண்டே வருடத்தில் பஸ்ஸைத் தவறவிட்டது.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். உங்கள் அகராதி "கலங்கச் செய்" என்று போட்டிருப்பது தப்பில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு "உங்கள் கடிதம் என்னைக் கலங்கச் செய்தது" என்பதற்கு இந்தச் சொல்லைப் போட்டால் வாக்கியம் நொண்டும். ஏனென்றால் இது "இல்லை" என்கிற குடை இல்லாமல் வெளியே போகாத சொல். நத்திங் வரும், நாட் வரும், நெவர் வரும், குறைந்தபட்சம் ஹார்ட்லியாவது வரும். இல்லாவிட்டால், "இது அவரை அசைக்குமா?" என்று கேள்வியாக வரும். "அவர் ஃபேஸ் ஆனார்" என்று தனியாக வந்து நின்றால், செருப்பில்லாமல் வெயிலில் நிற்கிற பிள்ளை மாதிரி கொஞ்சம் பாவமாக இருக்கும். ஒரே ஒரு முன்னொட்டில் அந்த "இல்லை"யைச் சுருட்டி வைத்துக்கொண்டு "அன்ஃபேஸ்ட்" என்றும் வரும். பத்திரிகைத் தலைப்புகளில் பார்க்கலாம்.

இது என்ன வினோதம் என்று நினைக்காதீர்கள். நம் வீட்டிலேயே ஒரு கூட்டம் இருக்கிறது. "சட்டை செய்யவில்லை" என்கிறோம். என்றைக்காவது யாரையாவது "சட்டை செய்தேன்" என்று சொன்னதுண்டா? சொன்னால் தையல்காரர் என்று நினைப்பார்கள். "அலட்டிக்கொள்ளவில்லை" என்றால் நிதானமான ஆள். அதிலிருந்து "இல்லை"யை எடுத்துவிட்டு "ரொம்ப அலட்டிக்கிறான்" என்று சொல்லிப் பாருங்கள், பந்தா பண்ணுகிற ஆளாகிவிடுவான். நாம் எடுத்துக்கொண்ட "அசர்" இருக்கிறதே, அது இன்னும் வேடிக்கை. "அசரவில்லை" என்றால் கலங்கவில்லை. "அசந்துபோனேன்" என்றால் வியந்துபோனேன். "அசந்துட்டேன்" என்றால் தூங்கிவிட்டேன்! கலங்கினேன் என்று சொல்ல அந்தச் சொல் அநேகமாக உதவுவதில்லை. எதிர்மறையில் ஒரு முகம், உடன்பாட்டில் இரண்டு வேறு முகங்கள். குறளில் 63ஆம் அதிகாரத்துக்குத் தலைப்பே இடுக்கண் அழியாமை. துன்பத்தில் உடையாதிருப்பதைச் சொல்ல வந்த இடத்திலும் ஒரு "ஆமை" வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

அதனால், மேனேஜர் எழுதியதைத் தமிழாக்க "கலங்கச் செய்" என்கிற இடத்தில் தேடாதீர்கள். "அசரமாட்டா", "அலட்டிக்கமாட்டா" என்கிற இடத்தில் தேடுங்கள், உடனே கிடைக்கும்.

ஒரு சந்தேகம் மிச்சமிருக்கும். "எருமை மாட்டு மேல மழை பேஞ்ச மாதிரி" என்று நாம் சொல்வதும் அசராதவர்களைத்தானே? மேனேஜர் அப்படிக் குத்தியிருப்பாரோ? இல்லை. அதற்கு இங்கிலீஷில் தோல் தடித்தவர் என்று தனியாக ஒரு பிரயோகம் இருக்கிறது. எருமைக்கு மழை உறைக்காது. உங்கள் மகளுக்கு உறைக்கும், ஆனாலும் நனைந்துகொண்டே வேலையை முடிப்பாள். இந்தச் சொல் இரண்டாவது வகைக்குத்தான்.

ஒரு சின்ன எச்சரிக்கை மட்டும். இது சட்டைப் பட்டனைத் திறந்துவிட்டுப் பேசுகிற சொல். சக ஊழியர்களிடம், நண்பர்களிடம், மதிப்பீட்டில் ஒரு வரியில் வரலாம். கலெக்டருக்குப் போடுகிற மனுவில் வேண்டாம்.

கேள்வி: கிரிக்கெட் வர்ணனையில் "ஸ்டம்ப்ஸ் ரேட்டில்ட்" என்கிறார்கள். அடுத்த நிமிடமே "பேட்ஸ்மேன் லுக்ஸ் ரேட்டில்ட்" என்கிறார்கள். அவுட்டான பிறகு ஆள் எப்படி நிற்கிறார்?
(கரூர் வாசகர்)

பதில்: இரண்டாவது ஆள் அடுத்து இறங்கினவராக இருக்கும்! ரேட்டில் என்பது முதலில் ஓசை. தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கினால் வருவது. குழந்தையின் கிலுகிலுப்பைக்கும் அதுதான் பெயர், வாலை ஆட்டிச் சத்தமெழுப்பும் அமெரிக்கப் பாம்புக்கும் அதுதான் பெயர். பந்து ஸ்டம்பில் பட்டால் கட்டை கடகடக்கும். காதோரமாகப் பறந்தால் ஆள் கடகடப்பார். நாம் "ஆடிப்போயிட்டான்" என்று சொல்வதும் இதேதான்.

போன கேள்வியில் பார்த்த சொல்லுக்கும் இதற்கும் வித்தியாசம், இது "இல்லை"யைத் தேடாது. "ஹி வாஸ் ரேட்டில்ட்" என்று தாராளமாக எழுதலாம். இன்னொன்று, இதில் உடம்பு தெரியும். கை பிசகும், ரன் அவுட்டாகிற மாதிரி ஓடுவார், கிளவுஸை நாலு தரம் கழற்றி மாட்டுவார். வெளியே தெரியாத கலக்கத்துக்கு இதைப் போடாதீர்கள்.

கேள்வி: பழைய ஆங்கில பைபிளில், யோசுவா அமலேக்கியரை "டிஸ்கம்ஃபிட்" செய்தான் என்று படித்தேன். நான் அறிந்தவரை அந்தச் சொல்லுக்குச் சங்கடப்படுத்து என்றுதான் பொருள். வாளை வைத்துக்கொண்டு சங்கடமா படுத்துவார்கள்?
(பாளையங்கோட்டை வாசகர்)

பதில்: இந்த மாதத்தின் நல்ல கேள்வி இது. நீங்கள் படித்தது 1611இல் வந்த ஜேம்ஸ் அரசர் பதிப்பு, யாத்திராகமம் 17ஆம் அதிகாரம், 13ஆம் வசனம். அங்கே அந்தச் சொல்லுக்குச் சங்கடம் என்று அர்த்தமே இல்லை. போரில் தோற்கடித்துச் சிதறடித்தான் என்று அர்த்தம். நம் பழைய தமிழ் பைபிள் அதை எவ்வளவு சரியாகப் பிடித்திருக்கிறது பாருங்கள்: "முறிய அடித்தான்."

பழைய பிரெஞ்சில் "செய்து முடி, பக்குவமாக்கு" என்று ஒரு சொல். அதன் தலைகீழ்தான் இது, செய்ததைக் குலைத்துப்போடுவது. பக்குவமாக்குகிற அந்த முதல் சொல் பிரெஞ்சுச் சமையலறையில் இன்றும் இருக்கிறது. வாத்துக்கறியை அதன் கொழுப்பிலேயே மெதுவாக வேகவைத்துச் சேமிப்பார்களே, அந்தக் "கோன்ஃபி"தான். மிட்டாய்க்கடைக்குச் சொல்கிற கன்ஃபெக்‌ஷனரியும் அதே குடும்பம். ஒரே வம்சத்தில் ஒருவர் மிட்டாய் கிண்டுகிறார், ஒருவர் படையைச் சிதறடிக்கிறார்.

பிறகு நடந்தது பக்கத்து வீட்டுச் சகவாசம். சங்கடம் என்று பொருள்படும் டிஸ்கம்ஃபர்ட் என்கிற சொல் ஓசையில் கிட்டத்தட்ட ஒன்று. வேரில் துளி உறவில்லை, அது பலம் தருவது என்கிற லத்தீன் வேரில் இருந்து வந்தது. ஆனால் இரண்டு வீட்டுத் தபாலும் மாறிமாறிப் போய், கடைசியில் வாள் பிடித்த சொல் வாளைக் கீழே வைத்துவிட்டது. இன்றைக்கு ஒருவரை டிஸ்கம்ஃபிட் செய்வது என்றால், பெண் பார்க்கப் போன இடத்தில் "மாப்பிள்ளைக்குச் சம்பளம் எவ்வளவு?" என்று சபையில் கேட்டு நெளிய வைப்பதுதான். பழைய அர்த்தம்தான் சரி என்று பிடிவாதம் பிடிக்கிற சிலர் உண்டு. எனக்கு அந்தப் பிடிவாதம் கிடையாது. ஆனால் பழைய புத்தகத்தைப் படிக்கும்போது பழைய அர்த்தம் கையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் யோசுவா அமலேக்கியரிடம் சம்பளம் கேட்பார்.

கேள்வி: "டிஸ்கம்பாபுலேட்" என்பது நிஜமான சொல்லா, யாராவது விளையாட்டுக்குச் சொன்னதா?
(கோயம்புத்தூர் கல்லூரி மாணவி)

பதில்: இரண்டும். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் லத்தீன் மாதிரி ஒலிக்கிற நீளச் சொற்களைக் கிண்டலுக்காக ஊதி உருவாக்குகிற ஒரு விளையாட்டு இருந்தது. அதில் பிழைத்துக்கொண்ட சொல் இது. ஆளைக் கன்னாபின்னாவென்று குழப்புவது என்று பொருள். சொல்லை உச்சரித்து முடிப்பதற்குள்ளேயே பொருள் விளங்கிவிடும்.

அமெரிக்காவில் மில்வாக்கி விமான நிலையத்தில், பாதுகாப்புச் சோதனையைத் தாண்டியதும் ஒரு பலகை தொங்கும். 2008இல் வைத்தது. ஷூவைக் கழற்றி, பெல்ட்டை உருவி, பையைக் கவிழ்த்து, கையில் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வருகிறவர்கள் உட்கார்ந்து மறுபடியும் மனிதராகிற இடம். பலகையில் முன்னொட்டை மாற்றி "ரீகம்பாபுலேஷன் ஏரியா" என்று எழுதியிருக்கும். அமெரிக்க மொழியியல் சங்கமான அமெரிக்கன் டயலெக்ட் சொசைட்டி அந்த வருடத்தின் மிகப் படைப்பூக்கமுள்ள சொல்லாக அதைத் தேர்ந்தெடுத்தது. தமிழில் எழுதச் சொன்னால் "ஆசுவாசத் திண்ணை" என்று எழுதுவேன். கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுப் பந்திக்கு வெளியேயும் ஒன்று போடலாம்.

கேள்வி: "டென்ஷன் பண்ணாதே" என்பதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது? அப்படியே சொன்னால் என் மருமகன் சிரிக்கிறார். அவர் லண்டனில் படித்தவர்.
(நாகப்பட்டினம் வாசகர்)

பதில்: டென்ஷனை நாம் வாங்கி நம் இஷ்டத்துக்கு வளைத்துவிட்டோம். இங்கிலீஷில் அது கம்பியில் இருக்கும், கயிற்றில் இருக்கும், இரண்டு நாடுகளுக்கு நடுவில் இருக்கும். ஒருவர் இன்னொருவருக்கு அதைப் "பண்ண" முடியாது. அலுவலக நெருக்கடி என்றால் "டோன்ட் ஸ்ட்ரெஸ் மி அவுட்" என்று சொல்லலாம். ஆனால் உங்கள் விஷயத்தில் ஆள் வேண்டுமென்றே சீண்டுகிற மாதிரித் தெரிகிறது. அதற்கு லண்டனிலேயே ஒன்று இருக்கிறது: "டோன்ட் வைண்ட் மி அப்." கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிற அதே வினைச்சொல். நம் ஊரில் சாவி கொடுப்பவர் ஒருவரை இன்னொருவர் மேல் ஏவிவிடுவார். அவர்கள் ஊரில் நேராக உங்களுக்கே முறுக்கி, துள்ளுவதை வேடிக்கை பார்ப்பார்கள்.

மருமகனிடம் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அதற்கும் சிரித்தால், அவர் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்.